நீர் காக்கும் மணல்

செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். இரவெல்லாம் நீர் நிறைந்திருந்த குடத்தைக் காலையில் கவிழ்த்து, ஊறிய புளியைச் சாம்பலோடு கலந்து அழுந்தத் தேய்த்தால், கறுத்துக் கிடந்த குடம் சிறிது நேரத்தில் செக்கச் சிவந்து மிளிரும். குடம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்கும், களிம்பு ஏறாமல் இருக்க வேண்டும் என்பதற்குமே அவ்வாறு விளக்கினார்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களை அறிந்து நம் முன்னோர் அப்பணியைச் செய்தனர் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும், அவர்கள் அறியாது செய்த அப்பணியில் ஓர் அறிவியல் உண்மை பொதிந்து கிடக்கின்றது.

2012-ஆம் ஆண்டில் பெங்களூரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். வாந்திபேதி, சீதபேதி முதலிய நோய்களை விளைக்கும் நுண்ணுயிர்களை நீரில் கலந்து, அந்நீரைச் செப்புக் கலங்களில் 16 மணி நேரம் வைத்திருந்தனர். அதன்பின் சோதித்துப் பார்த்தபோது உயிருள்ள நுண்ணுயிர் ஒன்றேனும் வளரவில்லை. செம்பின் மிக நுண்ணிய கூறுகள் நீரில் இறங்கி, அந்நுண்ணுயிர்களை அழித்துவிட்டன. இறங்கிய செம்பின் அளவோ உடலுக்குத் தீங்கு செய்யும் அளவினும் மிகக் குறைவு.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. செம்பு தன் தொழிலைச் செய்ய வேண்டுமானால், அது நீரைத் தொட்டாக வேண்டும். நீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்து நாளடைவில் குடத்தின் உட்புறத்தே வெண்மையாகப் படிகின்றது. எண்ணெயும் தூசும் அதன்மேல் ஒட்டுகின்றன. குடம் செப்புக் குடமாகவே இருப்பினும், நீர் தொடுவது செம்பை அன்று. செம்பின்மேல் படிந்த ஏட்டையே தொடுகின்றது. புளியில் உள்ள புளிப்புச் சத்து அப்படிவைக் கரைத்து, செம்பை மீண்டும் நீருக்குக் காட்டுகின்றது. குடத்தைத் தேய்ப்பதையும் 'விளக்குதல்' என்கிறோம். ஒரு பாட்டின் பொருளைக் கூறுவதையும் 'விளக்குதல்' என்கிறோம். மறைத்திருப்பதை நீக்கி உள்ளதைக் காட்டுவதே இரண்டிற்கும் பொது. அச்சொல்லை இப்பாடம் முழுதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பைப் போன்றே வெள்ளியும் நுண்ணுயிரைக் கொல்லும் இயல்புடையது. பாரசீக மன்னர் சைரசு போருக்குச் செல்லும்பொழுது, ஒரு குறிப்பிட்ட ஆற்றின் நீரைக் காய்ச்சி வெள்ளிக் கலங்களில் நிரப்பி உடன் கொண்டு சென்றார் என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர் எரோடோட்டசு எழுதி வைத்துள்ளார். சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் நேகெலி என்பவர், மிகச் சிறிதளவு உலோகம் நீரில் இருப்பினும் அது நுண்ணிய பாசிகளைக் கொல்வதைக் கண்டார். சிறிதளவே பெரும்பயன் விளைக்கும் அவ்வியல்புக்கு அவர் இட்ட பெயர் 1893-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையால் உலகறிந்தது. வெள்ளியையும் பிறவற்றையும் கொண்டு ஏழை எளியோரும் வாங்கத்தக்க குடிநீர்க் கருவியைச் செய்யலாகாதா என்னும் எண்ணம் நெடுநாளாக அறிஞர்க்கு இருந்து வந்தது. அவ்வெண்ணம் நம் நாட்டில் எவ்வாறு கைகூடியது என்பதைக் காணுமுன், அத்தகைய கருவி வீட்டிற்கு ஏன் வேண்டும் என்பதை நம் ஊரைக் கொண்டே அறிவோம்.

புதுச்சேரி நகரத்தின் நடுவே பாரதி பூங்காவில் வெண்ணிற மண்டபம் ஒன்று நிற்கின்றது. அதனை ஆயி மண்டபம் என்பர். அதனைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கிருட்டிணதேவராயர் இவ்வழியே சென்றபொழுது, விளக்கொளியில் திகழ்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்று அறிந்ததும் சினங்கொண்டு, அதனை இடித்துவிட ஆணையிட்டாராம். தானே அதனை இடித்துவிடுவதாக வேண்டிக்கொண்ட ஆயி, அவ்விடத்தில் ஊரார் பருகும்பொருட்டு ஒரு குளம் வெட்டுவித்தாள் என்பர். இக்கதையில் வரலாறு எத்துணை, கற்பனை எத்துணை என்று ஆராய்வது நம் வேலையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சு நாட்டை ஆண்ட காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து கால்வாய் வழியாக நகரத்திற்கு நன்னீர் கொண்டு வரப்பட்டது. அதன் நினைவாகவே ஆயி மண்டபம் எழுந்தது. அப்பணியைச் செய்த பொறியாளர் லமைரெஸ் என்பவர், தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து நூலாகவும் வெளியிட்டார். ஊருக்கு நீரும் தம் நாட்டிற்குத் தமிழும் கொண்டு சென்ற அப்பெருமகனாரைத் தமிழாசிரியன் ஒருவன் சற்றே நின்று நினைப்பது தவறாகாது.

முத்திரையர்பாளையத்து நீர் ஊற்றுக்கண்ணில் தூயதாக இருந்தது. இன்றும் நம் நகரத்தார் பருகுவது நிலத்தடி நீரே. ஆழத்திலிருந்து எடுக்கப்படும் நீரில் நோய் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. இடர்ப்பாடு வழியிலேதான் நேர்கின்றது. குழாயில் ஒரு விரிசல், அதனருகே ஒரு சாக்கடை, நீர் வாராத வேளையில் குழாயினுள் உண்டாகும் உறிஞ்சல் ஆகிய மூன்றும் கூடினால் போதும். வெளியில் உள்ள கழிவு உள்ளே புகுந்துவிடும். இதனைத் தடுக்கவே நீர்த்தேக்கத் தொட்டிகளில் குளோரின் சேர்க்கின்றனர். கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிருணயம். ஆனால், குளோரின் வழியில் எதிர்ப்படும் அழுக்கோடெல்லாம் கூடிச் செலவாகிவிடும் பொருள். மாடித் தொட்டியில் ஒரு நாளும் சமையலறைக் குடத்தில் ஒரு நாளும் கிடந்த நீரில் அது எஞ்சியிருக்கும் என்று நம்புவதற்கில்லை. குடத்தினுள் கையோடு குவளையை விட்டு மொள்ளும் பழக்கம் வேறு நம்மிடம் உண்டு. ஆதலின், பருகுவதற்குச் சற்று முன்னர், வீட்டிலேயே நீரைத் தூய்மை செய்யும் கருவி வேண்டப்படுகின்றது. காய்ச்சிப் பருகுதல் சாலச் சிறந்தது. எனினும் எரிபொருட்செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் பல.

இத்தகைய கருவிகளுக்கென அறிஞர்கள் தேர்ந்துகொண்ட பொருள்களுள் ஒன்று பல்லுறுப்பி. பாலிமர் என்று நீங்கள் அறிவியல் வகுப்பில் கேட்டிருப்பதும் இதுவே. ஒரே வகையான சிறு உறுப்புகள் பல, மாலையில் பூக்கள் கோத்தாற்போல ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலியாதலின் இப்பெயர் பெற்றது. பருத்தி நூலும் ஒரு பல்லுறுப்பி. நெகிழிப் பையும் ஒரு பல்லுறுப்பி. இச்சங்கிலியில் நேர்மின்னேற்றம் உடைய அம்மோனியத் தொகுதிகளை ஆங்காங்கே இணைத்துவிட்டால், அஃது நுண்ணுயிர்க்கொல்லி ஆகிவிடுகின்றது. பாக்டீரியாவின் புறத்தோல் எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின், நீரோடு வரும் பாக்டீரியா பல்லுறுப்பியின்பால் தானே ஈர்க்கப்படுகின்றது. தொட்டவுடன் சங்கிலிகள் அதன் தோலைத் துளைக்க, உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் கசிந்து வெளியேறி அது மடிகின்றது. நீரில் நஞ்சு எதுவும் கலக்க வேண்டுவதில்லை. தொடுதல் ஒன்றே போதும்.

இயற்கையிலும் இவ்வகைப் பல்லுறுப்பி ஒன்றுக்கு மூலப்பொருள் உண்டு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் வந்து குவிவதைக் கண்டிருப்பீர்கள். இறாலை உரித்து எறியும் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் கைட்டின் என்னும் பொருள் உள்ளது. பிராக்கொனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1811-இல் காளானில் இதனை முதன்முதல் கண்டறிந்தார். ரூழே என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் 1859-இல் அதனைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சிப் புதியதொரு பொருளைப் பெற்றார். அதுவே இன்று கைட்டோசான் எனப்படுவது. இறால் ஓட்டைப் புளிமத்தில் இட்டுச் சுண்ணத்தை நீக்கி, பின்னர்க் காரத்தில் இட்டுப் புரதத்தை நீக்கி, மேலும் காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். இதுவும் நேர்மின்னேற்றம் தாங்கி நுண்ணுயிரை எதிர்க்க வல்லது. ஆனால் ஒரு குறை: சிறிது புளிப்புடைய நீரில்தான் அம்மின்னேற்றம் நன்கு நிலைபெறும். நாம் பருகும் நீர் புளிப்பற்றது. ஆதலின் அங்கே கைட்டோசானின் வீரம் தணிந்துவிடுகின்றது. பொருளைக் கண்டறிவது ஒன்று. அதனைக் குடிநீரில் வலிமை குன்றாமல் நிறுத்துவது வேறொன்று. முன்னதினும் பின்னதே அரிது என்பது அறிஞர்தம் பட்டறிவு.

ஏன் அரிது? ஆய்வுக்கூடத்தில் வாலைவடி நீரில் வைத்துச் சோதிக்கும்போது இப்பொருள்கள் எல்லாம் வீரம் காட்டுகின்றன. ஆனால் கிணற்று நீர் வாலைவடி நீர் அன்று. அதில் சுண்ணமும் மக்னீசியமும் உண்டு. மணலிலிருந்து கரைந்து வந்த சிலிகேட்டு உண்டு. அழுகிய இலைதழைகளின் சத்து உண்டு. இவை அனைத்தும் நுண்ணுயிர்க்கொல்லியின் மேற்பரப்பில் சிறிது சிறிதாகப் படிந்து, ஓர் ஓடுபோல அதனை மூடிவிடுகின்றன. வெந்நீர்க் கலத்தின் அடியில் வெண்மையாகக் கட்டிக் கிடக்கும் படிவைச் சுரண்டிப் பார்த்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. உப்புச் செறிந்த கடலோர நிலத்தடி நீரில் இத்தொல்லை மேலும் மிகுதி.

இஃது ஒரு பகை. மற்றொரு பகை, கொல்லப்பட்ட நுண்ணுயிர்களே. பல்லுறுப்பியைத் தொட்டு மடிந்த பாக்டீரியா அங்கேயே ஒட்டிக்கொள்கின்றது. அடுத்து வருவது அதன்மேல் அமர்கின்றது. அகழியைப் பிணங்களால் தூர்த்துக்கொண்டு படை கோட்டைக்குள் நுழைவதை ஒத்தது இது. பின்வரும் நுண்ணுயிர்கள் தம் இனத்தாரின் பிணங்களின்மேல் நின்று, கொல்லும் பரப்பைத் தொடாமலே வாழ்கின்றன. அம்மட்டோ? இறந்தவற்றின் உடற்சத்தே அவற்றுக்கு உணவாகிறது. நாளடைவில் வழவழப்பான ஒரு படலம் அங்கே வளர்ந்துவிடும். நீரைத் தூய்மை செய்ய வைத்த கருவியே நுண்ணுயிர் வளர்க்கும் நாற்றங்கால் ஆகிவிடுவதும் உண்டு.

வெள்ளியையோ குளோரினையோ வெளிவிடும் பொருளானால், கையிருப்பு தீர்ந்துபோவதும் ஒரு குறை. இதற்கு மாற்று தேடியவர்களுள் அமெரிக்க நாட்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வொர்லி குறிப்பிடத்தக்கவர். ஹாலமைன் என்னும் தொகுதிகளைப் பல்லுறுப்பி மணிகளில் இணைத்து அவர் ஆராய்ந்தார். இத்தொகுதியில் உள்ள நைட்ரசன் அணு ஒவ்வொன்றும் ஒரு குளோரின் அணுவைப் பிடித்து வைத்திருக்கும். நுண்ணுயிர் வந்து தொட்டதும் அக்குளோரின் அதன்பால் தாவி அதனைக் கொன்றுவிடும். நைட்ரசன் வெறுங்கையாக நிற்கும். அம்மணிகளைச் சலவைத்தூள் கரைசலில் ஊற வைத்தால், வெறுங்கை ஒவ்வொன்றும் மறுபடியும் ஒரு குளோரினைப் பற்றிக்கொள்ளும். அறுவடைதோறும் நிரப்பிக்கொள்ளும் நெற்குதிரைப் போன்றது இது. ஊற வைக்க மறந்தால் குதிர் வெறுமையாகிவிடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிணங்கள் ஒட்டிக்கொள்ளும் குறைக்கு வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் ஒரு வழி காட்டினர். அவர்கள் செய்த பல்லுறுப்பி, முதலில் நேர்மின்னேற்றம் தாங்கி நுண்ணுயிர்களை ஈர்த்துக் கொல்லும். பின்னர் நீரின் செயலால் மெல்ல மாறி, இருவகை மின்னேற்றமும் சமமாகப் பெற்று, எதனையும் ஒட்டவிடாத தன்மை அடையும். உடனே இறந்த நுண்ணுயிர்கள் தாமே உதிர்ந்துவிடும். ஆனால் அம்மாற்றம் ஒருமுறைதான் நிகழும். மாறியது மீண்டும் கொல்லும் நிலைக்குத் திரும்புவதில்லை. கருத்து மிக அழகியது. ஆயினும் அன்றாடம் நீர் வடிக்கும் வீட்டுக்கு அது போதாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் என்பவரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு உழைத்து, 2013-ஆம் ஆண்டில் ஒரு புதிய பொருளைப் பற்றி அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினர். அவர்கள் வினவிக்கொண்ட வினா இதுதான்: சுண்ணமும் சிலிகேட்டும் செறிந்த நம் ஊர் நீரில், வெள்ளியின் பரப்பு மூடிக்கொள்ளாமல், நாள்தோறும் ஒரே அளவாக வெள்ளி வெளிவருமாறு செய்வது எங்ஙனம்?

வெள்ளியைக் கட்டியாக வைத்தால் நீரைத் தொடும் பரப்பு சிறிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறு செய்து, அதில் ஒரு கூறு அளவாகிய 10 நானோமீட்டர் பக்கமுள்ள துகள்களாக்கினால், அதே வெள்ளியின் பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகிவிடும். கணக்கைத் தாளில் இட்டுப் பாருங்கள். வியப்பு உங்களுக்கே தோன்றும். ஆனால் பரப்பு பெருகப் பெருக, அதன்மேல் படியும் படிவுக்கும் இடம் பெருகுகின்றது. தனித்து விடப்பட்ட நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மீண்டும் கட்டியாவதும் உண்டு; நீரோடு கழுவிக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

இதற்கு அவர்கள் கண்ட வழி கூண்டு. முன்னர்க் கூறிய கைட்டோசானைத் துணையாகக் கொண்டு, அலுமினியம் ஆக்சி ஹைட்ராக்சைடு என்னும் பொருளை மிக நுண்ணிய கூண்டுகளாக அமைத்தனர். வெள்ளித் துகள்கள் அக்கூண்டுகளினுள்ளே சிறைப்பட்டன. நீர் உட்புகும், வெள்ளியின் அயனிகள் வெளிவரும். வெள்ளியின்மேல் ஓடு கட்டவல்ல படிவுக்கோ அங்கே எளிதில் இடமில்லை. இங்குக் கைட்டோசான் நுண்ணுயிரைக் கொல்லும் வீரனாக வரவில்லை. கட்டடம் எழுப்புவோர் கட்டும் சாரம்போல நின்று அமைப்பைத் தாங்குகின்றது. புளிப்பற்ற நீரில் வீரம் தணியும் பொருளுக்கு எத்துணைப் பொருத்தமான வேலை பாருங்கள்! புதுச்சேரியில் சாரம் என்றே பெயர் பெற்ற பகுதியில் வாழும் எனக்கு இவ்வுவமை தானாக வந்து வாய்த்தது. சாரம் என்னும் சொல்லுக்குச் சத்து என்பதும், நவச்சாரம் என்பதிற்போல உப்புப்பொருள் என்பதும் பொருளாம். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர், மேற்பரப்பின் அழுக்கை நீக்கி ஈயம் பற்றச் செய்வதற்கு இந்நவச்சாரத்தைத்தான் தூவுவர். அங்கும் வேலை மேற்பரப்பிலேயே.

இப்பொருளைச் செய்வதற்குப் பெரும் உலையோ மின்விசையோ தேவையில்லை. அறையின் வெப்பத்தை அடுத்த நிலையில், நீரிலேயே இது உருவாகின்றது. உலர்ந்தபின் ஆற்றுமணலைப் போன்ற பருக்கைகளாகிவிடுகின்றது. நனைந்தாலும் கரைந்து குழம்பாவதில்லை. குழாயில் நிரப்பினால் நீர் தானே வடிந்து இறங்கும்.

அதிலிருந்து வெளிவரும் வெள்ளியின் அளவு, நூறு கோடிப் பங்கு நீருக்கு ஏறத்தாழ 40 பங்கு. உலகச் சுகாதார நிறுவனம் தீங்கில்லை என்று கொண்ட எல்லையோ 100 பங்கு. வேறு வகையிற் சொன்னால், ஒரு கிராம் வெள்ளி 25,000 லிட்டர் நீருக்குப் போதும். ஒரு குடும்பம் ஓராண்டு பருகும் நீரைத் தூய்மை செய்ய 2.5 அமெரிக்க டாலரே செலவாகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். கூண்டின் பொருளை மாற்றி அமைத்தால் ஆர்செனிக்கு, ஈயம் முதலிய நச்சுப் பொருள்களையும் பற்றி நிறுத்தலாம் என்பது இதன் மற்றொரு சிறப்பு. இந்திய அரசு 2020-ஆம் ஆண்டில் பிரதீப்புக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

இத்தகைய பொருளாலும் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. வெள்ளி உப்பை நீக்காது. கடலோரக் கிணற்றின் கரிப்பு அப்படியே இருக்கும். சில ஒட்டுண்ணிகள் தடித்த உறைக்குள் அடங்கி நீரில் வரும். அவற்றை வெள்ளி எளிதில் வெல்வதில்லை. வடிகட்டியே நிறுத்த வேண்டும். நுண்ணுயிர்களும் வாளாவிருப்பன அல்ல. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில், தீக்காயம் பட்டோர் பிரிவில், வெள்ளி மருந்துக்கு அஞ்சாத சால்மொனெல்லா வகை ஒன்று தோன்றியதாகப் பதிவாகியுள்ளது. ஒரு மருந்தைக் குறைந்த அளவில் நெடுநாள் பழக்கினால் பகைக்கு அது பழகிவிடுகின்றது. ஆகவே, வலிமை குன்றிய கருவியை வைத்திருத்தல் பயனற்றது மட்டுமன்று; பகைக்குப் பயிற்சி அளிப்பதுமாம்.

கருவியின் வலிமையை நீட்டிக்க வீட்டார் செய்யத்தக்கன சில உண்டு. கலங்கல் நீரை நேரே ஊற்றாமல், தெளிய வைத்தோ துணியிலும் மணலிலும் வடித்தோ ஊற்றினால், அழுக்கு முன்னரே தங்கிவிடும். மேற்பகுதியைக் குறித்த நாளில் கழுவுதல் வேண்டும். நீரை விரைந்து இழுத்தல் ஆகாது. செம்புக்கு 16 மணி நேரம் வேண்டியிருந்ததைப் போல, ஒவ்வொரு பொருளுக்கும் நுண்ணுயிரோடு கூடியிருக்க அதற்குரிய நேரம் வேண்டும். இவற்றையெல்லாம் சொல்லியும், எங்கள் தெருவில் மூன்றாண்டுகளாக மாற்றப்படாத வடிகட்டிக் குழல்களை நான் கண்டிருக்கின்றேன். வீட்டாரைக் கேட்டால், "நீர் கண்ணாடிபோல வருகிறதே!" என்பர். உண்மைதான். வலிமை இழந்த கருவியிலும் நீர் கண்ணாடிபோலவே வரும். நுண்ணுயிர் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய ஐந்நூறு முதல் ஆயிரம் வரை வரிசையாக நிற்கலாம். அதனைக் கண் எவ்வாறு காணும்?

கண்ணுக்குக் காட்டும் எளிய சோதனை ஒன்றை நம் நாட்டவரே வகுத்துள்ளனர். குவாலியர் நகரத்தில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தைச் சார்ந்த மஞ்சாவும் அவருடன் உழைத்தோரும் 1982-இல் இதனை வெளியிட்டனர். குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு சேர்ந்து வருவனவற்றுள் பல, கந்தக வாயுவை உண்டாக்குபவை. அவ்வாயு இரும்பு உப்போடு கூடினால் கறுப்பு நிறம் தோன்றும். ஆகவே, உரிய ஊட்டமும் இரும்பு உப்பும் ஊறிய தாள் துண்டைச் சிறு குப்பியில் இட்டு, நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் போதும். மலக்கலப்பு உள்ள நீர் மை கலந்தாற்போலக் கறுத்துவிடும். மின்சாரம் இல்லாத சிற்றூரிலும் இதனைச் செய்யலாம்.

உங்கள் பள்ளியில் இத்தகைய குப்பிகள் கிடைக்குமாயின், அறிவியல் ஆசிரியரின் துணையோடு இரண்டினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கருவிக்குள் செல்லும் நீரையும், மற்றொன்றில் கருவியிலிருந்து வரும் நீரையும் ஊற்றுங்கள். வெள்ளி கலந்த நீராயின் ஓர் எச்சரிக்கை வேண்டும். எஞ்சியுள்ள வெள்ளி குப்பிக்குள்ளும் தன் தொழிலைத் தொடர்ந்து, உண்மையை மறைத்துவிடக் கூடும். அதனை முறிக்கும் உப்பை முன்னரே சேர்த்த குப்பியையே அதற்குக் கொள்ள வேண்டும். மறுநாள் வந்து பாருங்கள். கறுத்த குப்பியைத் திறக்க வேண்டா. அதனுள் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். சலவைத்தூள் கரைசலை விட்டு அழிப்பதை ஆசிரியரே செய்வார். உட்செல்லும் நீர் கறுத்து, வெளிவரும் நீர் தெளிந்திருந்தால் கருவி தன் வேலையைச் செய்கின்றது. இரண்டும் கறுத்திருந்தால் அது வலிமை இழந்துவிட்டது. இரண்டும் தெளிந்திருந்தாலோ, அன்று அதற்குக் கொல்ல வேண்டிய பகையே வரவில்லை. கருவியின் வலிமையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று ஏட்டில் குறித்துக்கொண்டு, ஐப்பசி மழை பெய்து தெருவில் நீர் தேங்கியபின் மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.